பொட்டளவு வில்லையோடு மெக்சிகோ வரை: குடும்பத்தோடு மோனார்க் பட்டாம்பூச்சிக்கு அடையாளமிட ஒரு முழு வழிகாட்டி

எங்கள் முதல் உலாவில் 25 மோனார்க் பட்டாம்பூச்சிகளுக்கு அடையாள வில்லை, அதாவது குறியீடு அச்சிட்ட ஒரு சிறிய ஸ்டிக்கர், ஒட்டினோம். அவற்றில் 11க்கு இன்றுவரை ஊரும் கிடையாது, தேதியும் கிடையாது. இரண்டு தாள்களில் பதிவு எழுதினோம். அதில் ஒன்றின் மேல் யாரோ புளியோதரை டப்பாவை வைத்தார்கள். எண்ணெய் ஊறிய தாளைக் குப்பை என்று நினைத்து இன்னொருவர் எறிந்துவிட்டார். அந்த இன்னொருவர் நான்தான்.

அந்த 11இல் ஏதாவது ஒன்று மெக்சிகோ மலைக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அங்கே ஒருவர் குனிந்து அதைப் பொறுக்கியும் இருக்கலாம். ஆனால் வில்லையில் உள்ள குறியீட்டை எந்தப் பட்டியலில் தேடினாலும் அது எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாது. அதனால் இந்த வழிகாட்டியில் வலையைவிடப் பென்சிலைப் பற்றி அதிகமாகவே பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வரும் சில குடும்பங்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் சேர்ந்து போகிறோம். ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே எந்த மாநிலத்தில் இருந்தாலும் இந்த முறை பொருந்தும். கலிபோர்னியாவிலும் கனடாவிலும் இருப்பவர்களுக்கு விதிகள் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எதற்காக ஒட்டுகிறோம்

குழந்தைகளுக்கு ஊரிலிருந்து தொடங்கினால் எளிதில் புரியும். தாத்தா வீட்டுப் பக்கம் எருக்கஞ்செடியைச் சுற்றும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியைப் பார்த்திருப்பார்கள். அதன் பெயர் வெந்தய வரியன். மோனார்க் அதற்கு நெருங்கிய உறவு, இரண்டும் ஒரே பேரினம். வெந்தய வரியனின் புழு எருக்கைத் தின்பது போல மோனார்க்கின் புழு மில்க்வீட் செடியைத் தின்கிறது. மில்க்வீடும் எருக்கின் குடும்பம்தான், இலையைக் கிள்ளினால் அதே வெள்ளைப் பால் வடியும். அந்தப் பாலின் நஞ்சைப் புழு தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் பெரும்பாலான பறவைகள் மோனார்க்கைச் சீண்டுவதில்லை.

உறவு அதோடு சரி. கோடையில் பிறக்கும் மோனார்க் இரண்டு முதல் ஆறு வாரம் வாழ்ந்து முடிகிறது. கோடையின் கடைசியில் பிறக்கும் தலைமுறைக்கு மட்டும் எட்டு, ஒன்பது மாத ஆயுள். அது உடனே இனப்பெருக்கம் செய்யாமல் தெற்கு நோக்கி வலசை புறப்படுகிறது. எங்கள் ஊரிலிருந்து மெக்சிகோவின் மிச்சோகான் மலைகளுக்கு நேர்க்கோட்டில் சுமார் 2,200 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்குப் போகும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அரை கிராம் எடையுள்ள ஒரு பூச்சி, முன்பு ஒருமுறைகூடப் போகாத இடத்துக்கு, வழிகாட்டப் பெரியவர்கள் யாரும் இல்லாமல் போகிறது. போன வசந்தத்தில் அங்கிருந்து கிளம்பியவை இதன் பாட்டனும் பூட்டனும். அவை எப்போதோ இறந்துவிட்டன.

இவை எங்கே போய் மறைகின்றன என்று கண்டுபிடிக்கத்தான் முதலில் வில்லை ஒட்டினார்கள். கனடாவின் விலங்கியலாளர் ஃப்ரெட் அர்க்ஹார்ட்டும் அவர் மனைவி நோராவும் பல பத்தாண்டுகள் இதில் கழித்தார்கள். தொடக்கத்தில் தபால்தலைப் பசை தடவிய சீட்டுகளை ஒட்டிப் பார்த்தார்கள், மழை பெய்ததும் அவை உதிர்ந்துவிட்டன. பிறகு நல்ல பசை கிடைத்தது. 1952இல் தன்னார்வலர்களைத் திரட்டத் தொடங்கினார்கள். 1975 ஜனவரியில் கென் புருக்கரும் கத்தலினா அகுவாடோவும் மெக்சிகோவின் செர்ரோ பெலோன் மலையில் கோடிக்கணக்கான மோனார்க்குகள் மரங்களில் தொங்குவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் அர்க்ஹார்ட்டே அந்த மலைக்காட்டுக்கு ஏறிப் போனார். அங்கே பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து விழுந்தது. விழுந்த பட்டாம்பூச்சிகளுக்கு நடுவே ஒரு வெள்ளை வில்லை. மினசோட்டா மாநிலத்தின் சாஸ்கா என்ற சிற்றூரில் இரண்டு பள்ளிச் சிறுவர்களும் அவர்களுடைய ஆசிரியரும் முந்தைய ஆகஸ்டில் ஒட்டியது அது.

இந்தக் கதையை உலாவுக்கு முந்தைய வாரம் சொல்லுங்கள், அதே நாளில் சொல்லவேண்டாம். வலையைக் கையில் கொடுத்த பிறகு எந்தக் குழந்தையும் கதை கேட்காது.

1992 முதல் இந்த வேலையைக் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்லி டெய்லர் தொடங்கிய மோனார்க் வாட்ச் என்ற திட்டம் நடத்திவருகிறது. இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சிகளுக்கு ஒட்டியாகிவிட்டது. எங்கே போகின்றன என்ற கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது. இப்போதைய கேள்விகள் வேறு: எந்தப் பகுதியில் கிளம்பியவை அதிகம் போய்ச் சேர்கின்றன, எந்தத் தேதியில் கிளம்பியவை, எந்த ஆண்டில் எத்தனை. பருவத்தின் கடைசியில் கிளம்புபவை முன்னால் கிளம்பியவற்றைவிடக் குறைவாகவே போய்ச் சேர்கின்றன என்பது இப்படித்தான் தெரிந்தது. தேதி எழுதாத வில்லையால் இதில் ஒரு பயனும் இல்லை.

மெக்சிகோவில் குளிர்காலத்தில் இவற்றை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. அடைந்திருக்கும் காட்டின் பரப்பை ஹெக்டேரில் அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் சுமார் 18 ஹெக்டேர் இருந்தது, 2013-14இல் 0.67க்கு இறங்கியது. 2024-25இல் 1.79. அமெரிக்காவின் சோள, சோயா வயல்களில் களைக்கொல்லி அடித்து மில்க்வீட் அழிந்தது பெரிய காரணம். மெக்சிகோவில் இவை அடையும் ஓயமெல் என்ற ஊசியிலை மரக்காடுகளில் மரம் வெட்டியதும், வறட்சியும், காலம் தவறிய புயலும் அதோடு சேர்ந்துகொண்டன.

நாளையும் இடத்தையும் தேர்ந்தெடுப்பது

வலசை வடக்கிலிருந்து தெற்காக அலைபோல நகர்கிறது. மினசோட்டாவிலும் ஒன்டாரியோவின் தென்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் முதல் பாதியும் உச்சம். கன்சாஸில் செப்டம்பர் நடுவும் கடைசியும். டெக்சாஸின் டல்லாஸ், ஆஸ்டின் பக்கம் அக்டோபர். உங்கள் ஊரின் உச்ச வாரத்தை மோனார்க் வாட்ச் அட்டவணையில் அட்சரேகையைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலையில் தோட்டத்துக்கு வரும் மோனார்க்குக்கு ஆசைப்பட்டு ஒட்டாதீர்கள். அது மெக்சிகோவுக்குப் போகாது, வில்லைதான் வீண்.

எங்கள் அனுபவத்தில் சனி, ஞாயிறு இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டு கடைசி இரண்டு நாளில் முடிவு செய்வதே நல்லது. குளிர்ந்த காற்று வடக்கிலிருந்து இறங்கிய மறுநாள் புதிய கூட்டம் வந்திருக்கும். ஆனால் வால்காற்று நன்றாக வீசும் நண்பகலில் அவை வெப்பக் காற்றில் ஏறிக் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் போய்விடும். 11,000 அடியில் கிளைடர் ஓட்டிகள் மோனார்க்கைப் பார்த்திருக்கிறார்கள். எதிர்க்காற்று வீசினால் கீழே இறங்கிப் பூவில் உட்காரும். தெற்கிலிருந்து காற்றடிக்கும் வெயில் நாள் பறப்பவைக்குக் கஷ்டம், நமக்கு வசதி.

வெப்பநிலை 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் வீட்டிலேயே இருங்கள். குளிரில் அதன் தசை இயங்காது, கையிலிருந்து விட்டால் தொப்பென்று விழும். மழையில் நனைந்திருந்தாலும் தொடக்கூடாது.

இடம் என்றால் பூ. செப்டம்பரில் கோல்டன்ராட், ஆஸ்டர், காட்டுச் சூரியகாந்தி பூத்த திறந்த புல்வெளி எதுவானாலும் சரி. டெக்சாஸில் ஆற்றங்கரை மரநிழலில் வெள்ளையாகப் பூக்கும் ஃப்ராஸ்ட்வீட். கோல்டன்ராடைப் பார்த்ததும் சில பெற்றோர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். தும்மல் வரவழைப்பது அதே நேரத்தில் பக்கத்தில் பூக்கும் ராக்வீட். கோல்டன்ராடின் மகரந்தம் கனமானது, காற்றில் அதிகம் பறக்காது.

முதல் ஆண்டு தனியாக முயலவேண்டாம் என்பது என் கருத்து. பொது நிகழ்ச்சி ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். கன்சாஸின் லாரன்ஸ் நகருக்குத் தெற்கே பேக்கர் வெட்லாண்ட்ஸ் சதுப்பு நிலத்தில் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலையில் பொதுமக்களுக்காக இது நடப்பது வழக்கம். நியூஜெர்சியில் இருப்பவர்களுக்குக் கேப் மே முனை. கடலைத் தாண்டத் தயங்கி மோனார்க்குகள் அங்கே குவியும், வில்லை ஒட்டும் செயல்முறை விளக்கமும் அங்கே உண்டு. புளோரிடாவில் செயின்ட் மார்க்ஸ் வனவிலங்குப் புகலிடத்தில் அக்டோபரில் மோனார்க் விழா நடக்கிறது.

அனுமதி

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். தேசியப் பூங்காவிலும் மாநிலப் பூங்காவிலும் வலை வீச அனுமதி வேண்டும். நகராட்சிப் பூங்காவாக இருந்தாலும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சரி சொல்வார்கள், சில நேரம் அவர்களே ஓர் ஊழியரை அனுப்புவார்கள். தனியார் பண்ணை என்றால் உரிமையாளரிடம் நேரில் கேட்டு, போகும்போது ஒரு டப்பா முறுக்கும் கொண்டுபோனால் அடுத்த ஆண்டும் கதவு திறந்திருக்கும்.

கலிபோர்னியாவில் மோனார்க்கைக் கையால் பிடிக்கவே மாநில அனுமதி வேண்டும். அங்குள்ளவர்கள் பசிபிக் குரோவ், பிஸ்மோ பீச் மரத்தோப்புகளில் குளிர்காலத்தில் தொங்குவதைப் பார்க்கப் போகலாம், தொடாமல். கனடாவில் 2023 டிசம்பரில் மத்திய அரசின் சட்டப்படி அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது. ஒன்டாரியோவில் மாநிலச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. டொரன்டோத் தமிழர்கள் அனுமதி பெற்ற குழுவோடு சேர்ந்துதான் இதைச் செய்யவேண்டும். பாயிண்ட் பீலி முனைக்குப் போய் மாலையில் மரங்களில் அடைவதைப் பார்ப்பதற்கு எந்த வில்லையும் தேவையில்லை. அமெரிக்காவிலும் 2024 டிசம்பரில் இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட மத்திய வனவிலங்குத் துறை முன்மொழிந்தது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் வில்லை வாங்கும் முன் அந்த ஆண்டின் விதியைப் படியுங்கள்.

வில்லை வாங்குவதும் ஸ்டிக்கர் பொட்டுப் பயிற்சியும்

வில்லைகள் 25 கொண்ட தொகுப்பாக மோனார்க் வாட்ச்சிடம் கிடைக்கும். கோடையிலேயே சொல்லி வைத்தால் ஆகஸ்டில் தபாலில் வரும். அந்தந்த ஆண்டுக்கு அந்தந்த வில்லை. போன ஆண்டு மிச்சத்தை எடுத்து ஒட்டாதீர்கள். ஐந்து குடும்பங்களுக்கு ஒரு தொகுப்பு தாராளம். முதல் ஆண்டு நாங்கள் பன்னிரண்டு குடும்பங்கள் போனோம். அது கல்யாண வீடு போல இருந்தது, கூட்டத்துக்கு ஏற்ற அளவு பட்டாம்பூச்சிகள்தான் வரவில்லை.

வில்லை 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம், எடை சுமார் 10 மில்லிகிராம். பட்டாம்பூச்சியின் எடையில் நூற்றில் இரண்டு பங்கு. முதன்முதலில் அதைப் பார்த்ததும் என் மனைவி, "அட, நடுத்தர சைஸ் பொட்டு" என்றாள். அன்று முதல் எங்கள் பயிற்சிக்கு ஸ்டிக்கர் பொட்டுதான்.

மோனார்க் அளவில், சுமார் 10 சென்டிமீட்டர் அகலத்தில், காகிதத்தில் பட்டாம்பூச்சி வெட்டுங்கள். பின் இறக்கையின் அடிப்பக்கத்தில் நரம்புகளை வரையுங்கள். அதன் நடுவில் நரம்புகளால் சூழப்பட்ட ஒரு பெரிய கட்டம் வரும். கட்டைவிரல் மட்டும் தனியாக உள்ள குளிர்காலக் கையுறை போன்ற வடிவம். வில்லை ஒட்டவேண்டிய இடம் அதுதான். இறக்கையை மூடி உட்காரும்போது வெளியே தெரியும், உடலின் எடைமையத்துக்கு அருகில் இருப்பதால் பறப்பதற்கும் இடைஞ்சல் இல்லை. காகித இறக்கையை மடித்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பல்குத்தும் குச்சியின் நுனியால் பொட்டை எடுத்து, கையுறைக்குள் வைத்து, இரண்டு மூன்று விநாடி அழுத்தவேண்டும். விரலால் எடுத்தால் விரலின் எண்ணெய் பசையில் படும், வில்லை நிற்காது. பத்து முறை செய்தால் ஏழு வயதுக் குழந்தைக்கும் கை பழகிவிடும். அப்பாக்களுக்கு இருபது முறை தேவைப்படுகிறது.

அதே வகுப்பில் ஆண், பெண் அடையாளமும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ஆணின் பின் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு நரம்பின் மேல் சிறிய கருப்புப் புள்ளி தடித்திருக்கும். பெண்ணுக்குப் புள்ளி கிடையாது, நரம்புகள் ஆணைவிடத் தடிமன். வைஸ்ராய் என்றொரு பட்டாம்பூச்சி அச்சு அசலாக மோனார்க் போலவே இருக்கும். அதன் பின் இறக்கையை ஒரு கருங்கோடு குறுக்கே வெட்டிப் போகும். அதற்கு ஒட்டினால் அது மெக்சிகோவை நினைத்துக்கூடப் பார்க்காது.

பையில் வைக்கவேண்டியவை

குடும்பத்துக்கு ஒரு வலை. வாய் அகலமும், பை முழங்கை ஆழமும், மெல்லிய துணியும் வேண்டும். மீன்பிடி வலை இறக்கையைக் கிழித்துவிடும். பல்குத்தும் குச்சி, கெட்டி அட்டையில் கிளிப் போட்ட பதிவுத்தாள், இரண்டு பென்சில். பேனா வேண்டாம், வியர்வையில் எழுத்து கலையும். தாளின் படத்தை ஒவ்வோர் அரைமணிக்கும் கைபேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த விதியின் வரலாறு உங்களுக்குத் தெரியும்.

குழந்தைகளுக்கு முழுக்கால் சட்டை, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகவேண்டும். கன்சாஸ் புல்லில் உண்ணியும் சிக்கர் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் உண்டு. சிக்கர் கடித்தால் இடுப்பிலும் முழங்கால் மடிப்பிலும் ஒரு வாரம் அரிக்கும். மூவிலைக் கொத்தாக இருக்கும் பாய்சன் ஐவியையும் அடையாளம் காட்டிவிடுங்கள். பூச்சி விரட்டும் மருந்தைத் துணிமேல் மட்டும் அடியுங்கள். உள்ளங்கையிலும் விரலிலும் பட்டால் அதே கையால் பட்டாம்பூச்சியைத் தொடுவீர்கள், அதுவும் பூச்சிதானே. சாப்பாட்டைக் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தயிர்சாதம் தின்ற கையைக் கழுவாமல் யாரும் வலைக்கு வரக்கூடாது.

களத்தில்

காலை பத்து மணிக்குமேல், வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள். ஒவ்வொரு குழுவிலும் மூன்று வேலை: வலை, வில்லை, பென்சில். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தேடிக் காட்டுபவர்கள். அவர்கள் கண்தான் கூர்மை. ஆறிலிருந்து ஒன்பது வயது வரை வில்லை. அதற்குமேல் வலை. பென்சிலை எழுத்து திருத்தமான ஒரு குழந்தையிடம் கொடுங்கள், அன்று அந்தக் குழந்தையே குழுத்தலைவர். பெரியவர்களும் அதன் பேச்சைக் கேட்டாகவேண்டும்.

பறக்கும் மோனார்க்கைத் துரத்தி ஓடுவது வீண். பூவில் உட்கார்ந்து தேன் குடிப்பதைத் தேடுங்கள். பின்பக்கமாக, நம் நிழல் அதன்மேல் விழாமல் நெருங்கவேண்டும். வலையைப் பக்கவாட்டில் கீழிருந்து மேலாக ஒரே வீச்சில் வீசி, உடனே மணிக்கட்டைத் திருப்புங்கள். பை வளையத்தின் மேல் மடிந்து வாயை அடைத்துவிடும். மேலிருந்து அடித்தால் பூவும் பட்டாம்பூச்சியும் சேர்ந்து நசுங்கும். இது கொசு அடிக்கும் வேலை இல்லை என்று எங்கள் கூட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒருவருக்கு நினைவுபடுத்தவேண்டியிருக்கிறது.

வலை நுனியைத் தூக்கிப் பிடித்தால் பட்டாம்பூச்சி வெளிச்சத்தைப் பார்த்து மேலே ஏறும். அது இறக்கையை மூடும் கணத்தில் துணியோடு சேர்த்து வெளியிலிருந்து மெதுவாகப் பிடித்து நிறுத்துங்கள். இன்னொரு கையை உள்ளே விட்டு, மூடிய நான்கு இறக்கைகளையும் ஒன்றாகச் சேர்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, உடலை ஒட்டிய முன்விளிம்பில் பிடியுங்கள். அங்கே நரம்பு தடிமன், தாங்கும். நுனியைப் பிடித்தால் கிழியும். ஓர் இறக்கையை மட்டும் பிடித்தால் துடித்து ஒடித்துக்கொள்ளும். விரலில் ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் பயப்படவேண்டாம். செதில் கொஞ்சம் உதிர்வதால் பட்டாம்பூச்சி சாகாது, நசுக்கினால்தான் சாகும்.

பிடிப்பது பெரியவர் கையாகவே இருக்கட்டும். ஒட்டுவது குழந்தை. கையுறை வடிவத்தைத் தேடு, குச்சியால் எடு, வை, அழுத்து, எண்ணு.

இனிமேல்தான் முக்கியமானது. விடுவதற்கு முன் எழுதவேண்டும். வில்லையின் எழுத்துகளையும் எண்களையும் ஒருவர் உரக்கப் படிக்கட்டும், பென்சில் பிடித்தவர் எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கட்டும். ஆங்கிலத்தில் பி, டி, ஈ எல்லாம் காதுக்கு ஒரே மாதிரி விழும். எம், என் அதைவிட மோசம். "மாங்காய் எம், நாகப்பட்டினம் என்" என்று எங்கள் பிள்ளைகளே ஒரு மொழி வைத்திருக்கிறார்கள். ஒரு வரியில் வரவேண்டியவை: குறியீடு, தேதி, ஆணா பெண்ணா, காட்டில் பிடித்ததா வீட்டில் வளர்த்ததா, ஊர், மாநிலம், அஞ்சல் குறியீட்டு எண். "மேலே சொன்ன அதே ஊர்" என்று மேற்கோள் குறி போட்டு நிரப்பாதீர்கள்.

எழுதி முடித்த பிறகு தேடிக் காட்டிய குழந்தையின் உள்ளங்கையிலோ சட்டையின் மேலோ அதை வையுங்கள். சில உடனே கிளம்பிவிடும். சில நான்கைந்து விநாடி இறக்கையை விரித்து மூடி யோசித்துவிட்டுப் போகும். அந்த நான்கைந்து விநாடியில் யாரும் படம் எடுக்கச் சொல்லிக் கத்தவேண்டாம்.

ஏற்கெனவே வில்லை உள்ள ஒன்று சிக்கினால் பெரிய அதிர்ஷ்டம். பிய்க்காமல் குறியீட்டை மட்டும் எழுதிக்கொண்டு விட்டுவிடுங்கள், பிறகு தெரிவிக்கலாம். இறக்கை கிழிந்தது, இணைசேர்ந்திருப்பது, மாலையில் கூட்டமாக மரத்தில் அடைந்தது, இவற்றைத் தொடவேண்டாம். மோனார்க்குக்கு நுண்ணுயிர் ஒட்டுண்ணி நோய் ஒன்று உண்டு, அதன் வித்துகள் செதிலோடு உதிர்ந்து பரவும். வயிறு வீங்கியோ இறக்கை சுருங்கியோ ஒன்று கையில் பட்டால் அடுத்ததைத் தொடும்முன் கையைக் கழுவுங்கள்.

ஒரு குழந்தைக்கு ஒன்றோ இரண்டோ போதும். மூன்றாவதிலிருந்து அது எண்ணிக்கைப் போட்டி ஆகிவிடுகிறது, பிடியும் அவசரப் பிடியாகிவிடுகிறது.

ஒன்றும் சிக்காத நேரத்தில்

இரண்டு மணி நேரத்தில் நாலே நாலு மோனார்க் வந்த நாளும் உண்டு. அந்த நாளில் மில்க்வீட் இலையைத் திருப்பிப் பாருங்கள். செப்டம்பரிலும் கருப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டை போட்ட புழுக்கள் சில இருக்கும். முட்டையிலிருந்து வந்த பிறகு நான்கு முறை தோலுரித்து ஐந்து நிலை வளர்வது. எந்த நிலை என்று அளவைக்கொண்டு ஊகிப்பது நல்ல விளையாட்டு. இலைப்பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், எருக்கம்பாலுக்கு ஊரில் பாட்டி எச்சரித்த அதே எச்சரிக்கைதான்.

புழுவை வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கலாமா என்று ஒரு குழந்தையாவது கேட்கும். ஒன்றை வளர்த்துப் பார்ப்பது அருமையான பாடம். ஐம்பதை வளர்த்து மோனார்க்கைக் காப்பாற்றுகிறோம் என்று நினைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. நெருக்கி வளர்த்தால் நோய் பரவுகிறது. வளர்த்தவை காட்டில் பிறந்தவற்றைவிடக் குறைவாகவே மெக்சிகோ போய்ச் சேர்கின்றன.

இன்னொரு விளையாட்டு: தலைக்குமேல் போகும் மோனார்க் எந்தத் திசையில் மறைகிறது என்று திசைகாட்டி வைத்துப் பத்து தரம் குறிப்பது. சூரியனையும் உணர்கொம்பில் உள்ள உடல்கடிகாரத்தையும் சேர்த்து அது திசை பிடிக்கிறது. பத்தில் எட்டு தெற்கும் தென்மேற்குமாக வரும்போது குழந்தைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

அன்றிரவே

குளிப்பாட்டும்போது உண்ணி இருக்கிறதா என்று தலைமுடி, காது மடல், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். பிறகு தூங்கப் போவதற்கு முன் பதிவுகளை மோனார்க் வாட்ச் தளத்தின் படிவத்தில் ஏற்றிவிடுங்கள். நாளை என்று தள்ளினால் நவம்பர் ஆகிவிடும். பயன்படுத்தாத வில்லைகளின் குறியீட்டையும் தனியாகக் குறித்து வையுங்கள்.

மெக்சிகோவில் நவம்பர் தொடக்கத்தில், இறந்தோரை நினைக்கும் திருநாளை ஒட்டி, அவை வந்து சேரும். குளிர்காலத்தில் இறந்து விழுந்தவற்றுக்கு நடுவே வில்லைகளைத் தேடி எடுப்பவர்கள் அந்த மலைகளின் உள்ளூர் வழிகாட்டிகளும் அவர்கள் குடும்பத்தினரும். மோனார்க் வாட்ச் அவர்களுக்குப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான பூச்சிகளைப் புரட்டினால்தான் ஒரு வில்லை அகப்படும். ஒட்டியவற்றில் திரும்பக் கிடைப்பது நூற்றுக்கு ஒன்றை ஒட்டியே. 25 ஒட்டிய குழுவுக்கு ஒன்றும் கிடைக்காத ஆண்டுகளே அதிகம் என்று குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வில்லை எதுவும் இதுவரை திரும்பக் கிடைத்தவற்றின் பட்டியலில் வரவில்லை. என் மகள் ஒவ்வொரு வசந்தத்திலும் எல்லாக் குறியீட்டையும் ஒவ்வொன்றாகத் தேடுகிறாள், எண்ணெய்த் தாளில் போன 11ஐத் தவிர. அதை மட்டும் எனக்கு நினைவூட்டுகிறாள்.

நவம்பரில் ஒரு வேலை

உலாவில் மில்க்வீட் காய் வெடித்திருந்தால், நிலத்துக்காரரிடம் கேட்டு நாலைந்து காய் எடுத்து வாருங்கள். விதைக்குக் குளிர் தேவை. நவம்பரில் மண்ணைக் கிளறித் தூவிவிட்டால் பனி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும், மே மாதம் முளைக்கும். சாதாரண மில்க்வீட் வேரோடிப் பக்கத்துப் புல்தரைக்கும் போகும், குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வரும். சிறிய தோட்டத்துக்கு ஆரஞ்சுப் பூ பூக்கும் பட்டர்ஃபிளை வீட் அல்லது ஈரமான மூலைக்கு ஸ்வாம்ப் மில்க்வீட் நல்லது. டெக்சாஸ், புளோரிடாக்காரர்கள் கடையில் கிடைக்கும் வெப்பமண்டல மில்க்வீடை வாங்காதீர்கள். அது குளிர்காலத்திலும் வாடாமல் நின்று வலசையைத் தாமதிக்கவைக்கிறது, ஒட்டுண்ணியும் அதில் பெருகுகிறது.

நவம்பரைத் தவறவிட்டால் விதையை ஈர மணலில் கலந்து ஒரு மாதம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் போதும். டப்பாவின் மேல் தேதியும் பெயரும் எழுதி ஒட்டுங்கள், நஞ்சு என்றும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் வீட்டில் போன ஆண்டு எழுதாமல் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பூசணம் பிடித்த ஏதோ என்று நினைத்து என் மாமியார் அதைக் கொட்டிவிட்டு, டப்பாவையும் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.